ஒரு பாக்கெட் சேமியாவும் எட்டு குதிரை வீரர்களும்

போன வாரம் இங்கிலாந்தின் லீட்ஸில் நாங்கள் வழக்கமாகச் சாமான் வாங்கும் இலங்கைத் தமிழர் கடையில், சேமியா பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்து, உள்ளே இருக்கும் குச்சி எவ்வளவு நீளம் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கடைக்கார அண்ணன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, பாயாசத்துக்கோ உப்புமாவுக்கோ?" என்றார். ஈட்டிக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. பாயாசத்துக்கு என்று சொல்லி நீளமான குச்சி இருந்த பாக்கெட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். இரண்டு வருஷமாக, மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டுப் பக்கத்தில் உள்ள ஒரு சமூகக் கூடத்தில் ஜவுஸ்டிங் போட்டி நடத்துகிறேன். அதாவது, இரும்புக் கவசம் போட்ட இரண்டு நைட்டுகள் எதிரெதிரே குதிரையை விரட்டிவந்து நீள ஈட்டியால் மோதிக்கொள்வார்களே, அதே சண்டை, ஆனால் மேசை மேல். 28 மில்லிமீட்டர் உயரப் பொம்மைகள். ஆளுக்கு ஒரு நைட். கவசம், குதிரைத் துணி, கேடயத்தில் சின்னம் எல்லாம் அவரவரே வரைந்து கொண்டுவருவார்கள். வருபவர்கள் எட்டுப் பேர். அதில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருக்கிறார், பதினாலு வயசுப் பையன் ஒருவன் இருக்கிறான், மற்றவர்கள் எல்லாம் என்னைப்போல நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர்கள்.

சேமியா எதற்கு என்றால், ஈட்டி உடையணும். இந்த விளையாட்டில் எனக்குப் புரிய ரொம்ப நாள் பிடித்தது இந்த ஒரு விஷயம்தான், மற்றதெல்லாம் இதிலிருந்து தானாக வந்தது. எதிராளியைக் குத்திக் கீழே தள்ளுவதுதான் ஜவுஸ்டிங் என்று சினிமா பார்த்து நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தள்ளினால் நல்லதுதான், யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் நைட்டுகள் அதிகமும் எண்ணியது, எத்தனை ஈட்டியை எதிராளி மேல் ஒழுங்காக உடைத்தாய் என்பதைத்தான். ஈட்டி உடைந்தால் அடி முழுசாக விழுந்தது என்று அர்த்தம். சறுக்கிப் போனால் உடையாது. உடையும் சத்தம் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் கேட்கும், நடுவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்க்க வேண்டியதில்லை. தன் ஆயுதத்தைத் தானே உடைத்துக்கொண்டு ஜெயிக்கிற விளையாட்டு வேறு இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நான் முதலில் எழுதிய விதியில் இதெல்லாம் கிடையாது. ஆளுக்கு ஒரு பகடை, பெரிய எண் வந்தவன் அடித்தான், ரொம்பப் பெரிய எண் வந்தால் எதிராளி விழுந்தான், அவ்வளவுதான். இரண்டாவது மாதமே எல்லோரும் கொட்டாவி விட ஆரம்பித்துவிட்டார்கள். தபால்காரர் நாசூக்காக, "இதில் நான் என்ன செய்கிறேன்?" என்று கேட்டார். பகடையை உருட்டுகிறீர்கள் என்றேன். "அதை என் பூனையும் செய்யும்" என்றார்.

அப்புறம்தான் பழைய விதிகளைத் தேட ஆரம்பித்தேன். 1971-ல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் வெளியிட்ட 'செயின்மெயில்' என்ற பொம்மைப் போர் விதிப்புத்தகத்தில் ஜவுஸ்டிங்குக்குத் தனியாக ஓர் அட்டவணை இருக்கிறது. கைகாக்ஸ் பின்னால் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற கற்பனைச் சாகச விளையாட்டைச் செய்தவர்களில் ஒருவர். அட்டவணையின் ஒரு பக்கம் எங்கே குறிவைக்கிறாய், இன்னொரு பக்கம் எதிராளி எப்படி உட்கார்ந்திருக்கிறான். இரண்டு பேரும் ரகசியமாக எழுதி ஒரே நேரத்தில் காட்டணும். இரண்டும் சந்திக்கிற கட்டத்தில் பதில் இருக்கும்: உடைந்தது, சறுக்கியது, தவறியது, தலைக்கவசம் பறந்தது, கீழே விழுந்தான். பகடையே கிடையாது. இன்னொரு தந்திரமும் உண்டு, சில இடங்களுக்குக் குறிவைத்தால் சில மாதிரி உட்கார முடியாது. அதனால் எதிராளி தலைக்குத்தான் குறிவைக்கப்போகிறான் என்று ஊகித்துவிட்டால் அவன் எப்படி உட்கார்ந்திருப்பான் என்பதும் பாதி தெரிந்துவிடும். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேர் ஒரே ஓர் அட்டவணைக்குள் இதை அடைத்து வைத்திருக்கிறார்கள், நான் பகடையைக் குலுக்கிக்கொண்டிருந்தேன்.

நான் அதைச் சுருக்கிக்கொண்டேன். குறிக்கு நாலு சீட்டு: தலை, கேடயத்தின் மேல் விளிம்பு, நடு, கீழ். உட்கார நாலு சீட்டு: நிமிர்ந்து, குனிந்து, சாய்ந்து, கேடயத்தைத் தூக்கி. தலைக்குக் குறிவைப்பவன் நிமிர்ந்துதான் உட்காரணும், குனிந்துகொண்டு ஈட்டியை மேலே தூக்க முடியாது. குனிந்தவன் தலைக்கு வருகிற ஈட்டி காற்றில் போகும். நிமிர்ந்தவன் தலையில் பட்டால் உடையும். கேடயத்தைத் தூக்கினால் தலைக்கு வந்தது சறுக்கும், ஆனால் எதிராளி கீழே குறிவைத்திருந்தால் தொலைந்தான், சேணத்தில் இருந்து பெயர்ந்துவிடுவான். சாய்ந்தவனை விளிம்பில் அடித்தால் சறுக்கும், நடுவில் அடித்தால் விழுவான். பதினாறு கட்டம்தான், புது விதி வந்த இரண்டாவது மாதத்தில் எல்லோருக்கும் மனப்பாடம்.

"கடைசி நொடி வரை பார்த்துக்கொண்டேதானே வருவான், முன்கூட்டியே சீட்டை எடுத்துவைப்பது எப்படிச் சரி?" என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த விளையாட்டுக்கு என்றே செய்த தலைக்கவசம் ஒன்று இருந்தது, தவளை வாய் என்று பெயர். கண்ணுக்கு நேரே ஒரு கிடைக்கோட்டுப் பிளவு மட்டும். முன்னால் குனிந்தால்தான் அது வழியாகப் பாதை தெரியும். மோதும் நொடியில் தலையை நிமிர்த்திக்கொள்வார்கள், ஈட்டிச் சில்லு கண்ணுக்குள் போகாமல் இருக்க. நிமிர்த்தினால் எதிரே எதுவும் தெரியாது. ஆக கடைசி நொடியில் அவன் குருடன், முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. சீட்டு அதைத்தான் செய்கிறது. சண்டைக்கு வந்தவர் சமாதானமாகிப் போய்விட்டார். இப்போது அவருடைய நைட்டுக்குத் தவளை வாய் தலைக்கவசம்தான்.

பகடையை ஒரே ஓர் இடத்தில் விட்டுவைத்திருக்கிறேன், அது குதிரைக்கு. ஒவ்வொரு ஓட்டத்திலும் ஆளுக்கு ஒரு பகடை, ஒன்று விழுந்தால் குதிரை மிரண்டுவிட்டது, அந்த ஓட்டம் வீண். விளையாட்டுக்கு இது தேவையே இல்லை. ஆனால் தோற்பவனுக்குத் திட்டுவதற்கு ஒரு குதிரை வேண்டும்.

சரி, ஈட்டிக்கு வருகிறேன். பொம்மையோடு வரும் பிளாஸ்டிக் ஈட்டி ஒன்று வளையும், இல்லையென்றால் மணிக்கட்டோடு பிய்ந்து வரும். பித்தளைக் கம்பி போட்டுப் பார்த்தேன், உறுதியாக இருந்தது, உடையவில்லை, அதுதான் குறை. ஒருநாள் ராத்திரி சேமியா கிண்டும்போது ஒரு குச்சி கையில் பட்டு 'டிக்' என்று முறிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஸ்கேல் எடுத்தேன். 28 மில்லிமீட்டர் பொம்மை என்றால் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு. நிஜ ஈட்டி மூன்றரை மீட்டர் என்று வைத்தால் ஆறு சென்டிமீட்டர் வரும். சேமியாவின் தடிமன் ஒரு மில்லிமீட்டர், நிஜ அளவில் ஆறு சென்டிமீட்டர், கைக்கு அடக்கமான மரம். ஸ்பகெட்டியும் உடையும், ஆனால் அந்த அளவில் அது தந்திக் கம்பம் மாதிரி இருக்கிறது.

பொம்மையின் வலது முஷ்டியில் 1.2 மில்லிமீட்டர் துளை போட்டு, சேமியாவை நுழைத்து, பின்னால் கடுகளவு ப்ளூ டாக் பசை வைத்துவிட்டால் நிற்கும். வறுத்த சேமியாவாக இருந்தால் நிறமும் மரம் மாதிரியே இருக்கும், கூடவே சுலபமாக முறியும். 'உடைந்தது' என்று கட்டம் சொன்னால், யாருடைய ஈட்டியோ அவரேதான் விரலால் முறிக்கணும். நான் முறிக்க மாட்டேன். பெரிய பெரிய ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆறு சென்டிமீட்டர் சேமியாவை முறிப்பதைப் பார்க்க எனக்கு அலுக்கவே இல்லை. மேசை முழுக்கத் துணுக்கு. கூட்டிப் பெருக்குவது என் வேலை.

ஈட்டியைப் பிடிக்கும் விதத்தில் நான் முதலில் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன், பொம்மை ஒட்டுகிறவர்களுக்கு உதவும். வலது கையில் ஈட்டி, அதை நேரே முன்னால் நீட்டி ஒட்டிவைத்திருந்தேன். லீட்ஸில் ராயல் ஆர்மரீஸ் என்ற ஆயுத அருங்காட்சியகம் இருக்கிறது, ஒரு ஈஸ்டர் சமயத்தில் அங்கே நிஜக் குதிரைகளோடு நடந்த ஜவுஸ்டிங்கைப் பார்க்கப் போயிருந்தேன். உள்ளே எட்டாம் ஹென்றிக்கு மாக்ஸிமிலியன் பேரரசர் பரிசாகக் கொடுத்த, கொம்பும் மூக்குக்கண்ணாடியும் வைத்த ஒரு தலைக்கவசம் இருக்கிறது, அதைப் பார்க்கவே ஒருமுறை போகலாம். அன்றைக்கு வெளியே நின்று பார்த்தபோதுதான் உறைத்தது. குதிரைகள் மோதாமல் இருக்க நடுவே ஓடும் வேலி, அதாவது நடுத்தடுப்பு, இரண்டு பேருக்கும் இடது பக்கம். ஈட்டி வலது கக்கத்தில் இருந்து கிளம்பி, குதிரையின் கழுத்துக்குக் குறுக்கே போய், இடது பக்கம் வருகிற எதிராளியை நோக்கிச் சாய்வாக நிற்கிறது. கேடயம் இடது தோளில் இருப்பதும் அதனால்தான். அப்படிச் சாய்ந்து படுவதால்தான் ஈட்டி உடையவும் செய்கிறது, முழு வேகமும் நெஞ்சில் நேராக இறங்காமலும் போகிறது. வீட்டுக்கு வந்து எட்டு பொம்மைகளின் வலது கையையும் வெட்டித் திருப்பி ஒட்டினேன். மூன்றுக்கு இன்னும் தோள் கோணல்தான்.

நடுத்தடுப்பே பதினைந்தாம் நூற்றாண்டில்தான் பரவியது. அதற்கு முன்னால் திறந்த வெளியில் குதிரைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு விழுந்திருக்கின்றன. என் மேசையில் அது ஐஸ்கிரீம் குச்சிகளால் ஆன ஒரு வேலி, இரண்டு பக்கமும் பத்துப் பத்துக் கட்டம். நைட்டுகள் ஐந்தாவது கட்டத்துக்கு வந்ததும் நான் கையைத் தட்டுவேன், சீட்டு திரும்பும். கிளம்பியதில் இருந்து முடிவு வரை ஒரு நிமிஷத்தைத் தாண்டக்கூடாது என்பதில் மட்டும் நான் கறார். ஜவுஸ்டிங்கில் காத்திருப்பு நீளம், சண்டை குட்டி. அதை நீட்டினால் செத்துவிடும்.

புள்ளிக் கணக்கை நான் கண்டுபிடிக்கவில்லை, திருடினேன். 1466-ல் இங்கிலாந்து அரசர் நாலாம் எட்வர்டுக்காக, வூஸ்டர் பிரபு ஜான் டிப்டாஃப்ட் எழுதிவைத்த விதிகள் கிடைக்கின்றன. உடம்பில் ஒழுங்காக உடைத்தால் ஒரு ஈட்டி. தலைக்கவசப் பூட்டுக்கு மேலே உடைத்தால் இரண்டு. எதிராளியைச் சேணத்தில் இருந்து தள்ளினால், அல்லது அடுத்த ஓட்டம் ஓட முடியாதபடி செய்தால் மூன்று. சேணத்தில் உடைத்தால் ஒன்று கழிப்பார்கள், தடுப்பில் இடித்தால் இரண்டு. குதிரையைக் குத்தினால் பரிசே கிடையாது. தலைக்குக் குறிவைத்து ஜெயித்தால் இரண்டு என்பதால்தான் எல்லோரும் தலைக்கு ஆசைப்படுவார்கள், ஆசைப்படுவார்கள் என்று தெரிவதால்தான் மற்றவன் குனிவான். ஐநூற்றைம்பது வருஷம் முன்னால் எழுதிய கணக்கு என் பதினாறு கட்டத்தில் அப்படியே பொருந்தி உட்கார்ந்துவிட்டது.

எழுதிவைக்கும் முறைகூட அவர்களுடையதுதான். டியூடர் காலத்து, அதாவது எட்டாம் ஹென்றியின் வம்சம் ஆண்ட காலத்து, மதிப்பெண் தாள்கள் சில இன்றும் இருக்கின்றன. ஆளுக்கு ஒரு நீள்சதுரம், நடுவே ஒரு கோடு, அந்தக் கோடு சதுரத்துக்கு வெளியேயும் நீளும். மேல் கோட்டில் போடும் சிறு கீறல் தலைக்கு, நடுக்கோட்டில் உடம்புக்கு, வெளியே நீண்ட பகுதியில் எத்தனை ஓட்டம் ஓடினான் என்று. எழுத்தே வேண்டாம். எக்ஸெல் திறந்து உட்கார்ந்திருந்தவன் இப்போது பென்சில் வைத்திருக்கிறேன்.

போட்டியின் அமைப்பில்தான் பெரிய அடி வாங்கினேன். முதல் தடவை நாக் அவுட் வைத்தேன். எட்டுப் பேர், தோற்றால் வெளியே. ஒருவர் நாற்பது நிமிஷம் காரோட்டி வந்திருந்தார், மூன்று வாரம் உட்கார்ந்து குதிரைத் துணியில் சின்னச் சின்னக் கிளி வரைந்திருந்தார். மூன்றாவது நிமிஷத்தில் தோற்றுவிட்டார். கோட்டை மாட்டிக்கொண்டு, தேநீர் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று மாதம் வரவில்லை. யோசித்துப் பார்த்தால், அந்தக் காலத்தில் யாரும் இப்படி நடத்தியதாகத் தெரியவில்லை. ஒரு கூட்டம் "வா பார்க்கலாம்" என்று களத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், மற்றவர்கள் சவாலை ஏற்று வருவார்கள், ஆளுக்கு இத்தனை ஓட்டம் என்று கணக்கு, முடிவில் யார் அதிகம் உடைத்தாரோ அவருக்குப் பரிசு. 1511 பிப்ரவரியில் எட்டாம் ஹென்றி தனக்கு மகன் பிறந்ததைக் கொண்டாட வெஸ்ட்மின்ஸ்டரில் நடத்தியதும் அப்படித்தான், அவரும் இன்னும் மூன்று பேரும் சவால் விட்ட பக்கம். அந்தக் குழந்தை அதே மாதம் இறந்துபோனது, போட்டியை வரைந்த நீளச் சுருள் மட்டும் இன்னும் இருக்கிறது. இப்போது நானும் நாலு பேர் சவால், நாலு பேர் பதில் என்று பிரித்துவிடுகிறேன். ஒவ்வொருவரும் எதிர்ப்பக்கத்து நாலு பேரோடும் மும்மூன்று ஓட்டம். மொத்தம் 48 ஓட்டம், யாரும் வெளியே உட்காருவதில்லை. கிளிக்காரர் திரும்பி வந்துவிட்டார்.

இன்னொன்றையும் எடுத்துவிட்டேன், சாவு. ஆரம்பத்தில், தலையில் அடிபட்டால் ஒரு பகடை, ஆறு விழுந்தால் நைட் இறந்தான் என்று இருந்தது. சரித்திரத்தில் நடக்காதது இல்லை. 1559-ல் பிரான்ஸ் அரசர் இரண்டாம் ஹென்றி, மகளின் கல்யாணக் கொண்டாட்டத்தில் மோன்ட்கோமரி என்பவரோடு மோதினார். உடைந்த ஈட்டியின் சில்லு முகமூடிக்குள் புகுந்தது, பத்து நாளில் இறந்துபோனார். ஆனால் என் மேசையில் பையனுடைய நைட்டுக்கு ஆறு விழுந்தபோது அவன் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பொம்மையை எடுத்து, டிஷ்யூவில் சுற்றி, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். அன்றைக்கு ராத்திரியே அந்த வரியை அடித்துவிட்டேன். இப்போது எல்லா நைட்டுக்கும் சேணத்தில் மூன்று மில்லிமீட்டர் காந்தம். விழுந்தால் விழுவார்கள், மறுபடி ஏறுவார்கள்.

இதையெல்லாம் செய்துகொண்டிருந்தபோது மேசை மேல் ஜவுஸ்டிங் என்பது நம் காலத்துப் பைத்தியம் என்றுதான் நினைத்திருந்தேன். அப்புறம் ஒரு மரச்செதுக்குப் படம் கண்ணில் பட்டது. ஹான்ஸ் புர்க்மைர் செய்தது, பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கம். சிறுவன் மாக்ஸிமிலியன், ஆம், அந்தக் கொம்பு வைத்த தலைக்கவசத்தைப் பரிசளித்த அதே ஆள்தான், ஒரு மேசையில் இன்னொரு பையனோடு நைட் பொம்மைகளை மோதவிட்டு விளையாடுகிறான். அந்த மாதிரி வெண்கலப் பொம்மைகள் வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதற்கும் முன்னால், பன்னிரண்டாம் நூற்றாண்டில் அல்சாஸில் ஹெராட் என்ற மடத்துத் தலைவி தொகுத்த ஏட்டில் ஒரு படம்: இரண்டு பேர் மேசைக்கு இருபக்கமும் நின்று கயிற்றை இழுக்க, நடுவே இரண்டு வீரப் பொம்மைகள் சண்டை போடுகின்றன. மூல ஏடு 1870-ல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் எரிந்துபோனது, படியெடுத்தவை மிச்சம்.

பார்த்ததும் கை அரித்தது. கயிறு கட்டி நானும் ஒரு ஜோடி செய்தேன். சக்கரம் வைத்த பலகை, முன்னால் மீன்பிடிக் கயிறு. முதல் ஓட்டத்தில் இரண்டு பேரும் இழுத்த வேகத்தில் குதிரைகள் மூக்கோடு மூக்கு மோதி, என் நைட் காந்தத்தை விட்டுக் கிளம்பி நேராகத் தபால்காரரின் தேநீர்க் கோப்பையில் தலைகீழாக இறங்கினான். அவர் கரண்டியால் அவனை எடுத்து, ஓரமாக வைத்துவிட்டு, மிச்சத் தேநீரையும் குடித்தார். சீட்டுக்கே திரும்பிவிட்டோம்.

நடத்துகிறவனுக்கு உண்மையான வேலை கட்டியக்காரன் வேலைதான். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் எழுந்து நின்று, இன்னார், இந்த நிறக் கேடயம், இதுவரை உடைத்த ஈட்டி இத்தனை என்று குரலை உயர்த்திச் சொல்லணும். முதலில் கூச்சமாக இருந்தது. சொல்லாவிட்டால் இரண்டு பேர் சீட்டுத் திருப்பும் விளையாட்டாக அது சுருங்கிவிடுகிறது. சொன்னால் மற்ற ஆறு பேரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு வருகிறார்கள். ஊரில் திருவிழா மைக் பிடித்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று தைரியம் சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் ஒரு சிக்கல். பையன் அன்றைக்கு ஒன்பது ஈட்டி உடைத்திருந்தான், தபால்காரர் ஏழு. பரிசு பையனுக்குத்தான் என்று எல்லோரும் கைதட்டத் தயாராக இருந்தார்கள். அப்போது தபால்காரர் தொண்டையைக் கனைத்தார். அன்றைக்கு அவருடைய ஓட்டங்களில் இரண்டு தடவை, இருவரும் ஒரே இடத்துக்குக் குறிவைத்து ஒரே மாதிரி உட்கார்ந்து, ஈட்டி முனையோடு முனை மோதியிருந்தது. என் தாளில் அதற்கு இரண்டு பேருக்கும் ஒவ்வொரு ஈட்டி என்று மட்டும் இருக்கிறது. அவர் டிப்டாஃப்ட் விதியை அச்செடுத்து மடித்து வைத்திருந்தார். அதில் முனையோடு முனை இரண்டு தடவை மோதியவனுக்கு, அதிகம் உடைத்தவனைவிட முன்னுரிமை. எதிராளியைக் கீழே தள்ளியவன் மட்டும்தான் அவனுக்கும் மேலே. அன்றைக்கு யாரும் விழவில்லை.

பையன், "அது உங்கள் தாளில் இல்லையே" என்றான். இல்லைதான். தபால்காரர், "கணக்கை எங்கிருந்து எடுத்தாயோ அதில் இருக்கிறது" என்றார். அதுவும் சரிதான். முனையோடு முனை மோதினால் அது இரண்டு பேருக்கும்தானே, அந்த இன்னொருவர்களுக்கும் பங்கு உண்டா என்று கிளிக்காரர் நடுவில் புகுந்தார். ஒன்பது மணிக்குக் கூடத்தைப் பூட்டணும், காவலாளி சாவியைக் குலுக்கிக்கொண்டு வாசலில் நின்றார். பரிசுக் கோப்பையை நான் வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டேன். அது இப்போது சமையலறை அலமாரியில், புது சேமியா பாக்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் ஒரு முடிவு எடுத்தாகணும்.